இரண்டு நகரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? கணக்குப் போடும் வழி

மாட்ரிட்டிலிருந்து பார்சிலோனா எவ்வளவு தூரம் என்று தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் 505 கிலோமீட்டர் என்று வரும், இன்னோரிடத்தில் 483, மூன்றாவது இடத்தில் 620. மூன்றுமே சரி. 505 என்பது ஒரு நகரத்தின் நடுவிலிருந்து மற்ற நகரத்தின் நடுவுக்கு நேர்கோட்டில் அளந்தது. 483 இரண்டு விமான நிலையங்களுக்கும் இடைப்பட்டது. 620 சாராகோசா வழியாகக் கார் ஓடும் தூரம். எந்த எண் எதை அளக்கிறது என்று பெரும்பாலும் பக்கத்தில் எழுதியிருக்காது; முதல்முறை திட்டம் போடுகிறவருக்குக் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தக் கணக்குகளை நீங்களே போடத் தெரிந்துகொண்டால், எந்தத் தளம் என்ன எண்ணைக் காட்டினாலும் அது எதைச் சொல்கிறது என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் வேலை: எங்கிருந்து எங்கே

நகரம் ஒரு புள்ளி இல்லை. பெரிய நகரங்கள் 40, 50 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடக்கும். ஆனால் தூரம் அளக்க ஒரு புள்ளி வேண்டும் என்பதால், பல ஊர்கள் ஒன்றை வைத்துக்கொண்டிருக்கின்றன. மாட்ரிட்டில் புவெர்தா தெல் சோல் சதுக்கத்தில் தரையில் பதித்த ‘கிலோமீட்டர் பூஜ்யம்’ கல், பாரிசில் நோத்ர தாம் தேவாலயத்தின் முன்னால் உள்ள பட்டயம், லண்டனில் சேரிங் கிராஸ். அலைபேசி வரைபடத்தில் வெறும் ஊர்ப்பெயரைப் போட்டால் அதுவும் இப்படி ஏதாவது ஒரு நடுப்புள்ளியைத்தான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் தங்குவது நகரத்தின் மறுகோடியில் என்றால், காட்டிய தூரத்தோடு 25 கிலோமீட்டரும், அதைவிட முக்கியமாக நெரிசலில் முக்கால் மணி நேரமும் கூடிவிடும். அதனால் ஊர்ப்பெயரை விட்டுவிட்டுத் தெரு முகவரியைப் போடுங்கள்.

பெயரையும் ஒருமுறை சரிபாருங்கள். சான் ஹோசே கோஸ்டா ரிக்காவின் தலைநகர். அதே எழுத்துகளில் கலிபோர்னியாவிலும் ஒரு பெருநகரம் இருக்கிறது. பர்மிங்ஹாம் இங்கிலாந்திலும் உண்டு, அலபாமாவிலும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு லண்டன் இருக்கிறது. நாட்டின் பெயரையும் சேர்த்துத் தட்டச்சு செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

நேர்கோட்டுத் தூரம்: கையால் போடும் கணக்கு

இதற்கு இரண்டு ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். வரைபடச் செயலியில் ஓரிடத்தை அழுத்திப் பிடித்தால் அந்த இரண்டு எண்களும் வரும். மாட்ரிட் 40.42 வடக்கு, 3.70 மேற்கு. பார்சிலோனா 41.39 வடக்கு, 2.17 கிழக்கு.

ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் வரையிலான தூரத்துக்கு, பூமியைத் தட்டை என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடலாம்.

1. அட்சரேகைகளைக் கழியுங்கள்: 41.39 − 40.42 = 0.97. ஒரு பாகை (டிகிரி) அட்சரேகை எங்கே அளந்தாலும் ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர். ஆக, வடக்குத் தெற்காக 108 கிலோமீட்டர்.

2. தீர்க்கரேகை வித்தியாசத்தை எடுங்கள். ஒன்று மேற்கு, மற்றது கிழக்கு. ஆகவே மேற்கை எதிர்மறை எண்ணாகக் கொண்டு, 2.17 − (−3.70) = 5.87.

3. தீர்க்கரேகைக் கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கும். பூமத்திய ரேகையில் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் இருப்பது, 60 பாகை அட்சரேகையில் சரிபாதி ஆகிவிடும். எனவே இரண்டு ஊர்களின் சராசரி அட்சரேகையின் கொசைனால் (கணிப்பானில் cos பொத்தான்) பெருக்க வேண்டும். சராசரி 40.9, அதன் கொசைன் 0.756. இப்போது 5.87 × 111.2 × 0.756 = 493 கிலோமீட்டர்.

4. பிதாகரஸ்: 108-இன் வர்க்கத்தையும் 493-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 505.

இந்த நான்கு வரிகளில் தப்பு நடக்கும் இடங்கள் எப்போதும் மூன்றுதான். முதலாவது அந்த மேற்கு−கிழக்குக் குறி. அதை மறந்து 3.70-லிருந்து 2.17-ஐக் கழித்தால் 1.53 வரும், கடைசியில் 168 கிலோமீட்டர் என்று விடை வரும். பார்வைக்கு நம்பும்படியான எண்ணாக இருப்பதுதான் இதில் ஆபத்து. பூமத்திய ரேகைக்கு இருபுறமும் உள்ள ஊர்களுக்கு அட்சரேகையிலும் இதே பிழை நேரும்.

இரண்டாவது, பாகை−நிமிடத்தைத் தசமமாக எழுதிவிடுவது. 40°25′ என்பது 40.25 ஆகாது. ஒரு பாகைக்கு 60 நிமிடம், எனவே 25-ஐ 60-ஆல் வகுத்து 40.417 என்று எழுத வேண்டும். இந்தச் சின்ன மாற்றமே 18 கிலோமீட்டருக்கு மேல் இடத்தை நகர்த்திவிடும். மூன்றாவது, கணிப்பான் பாகையில் இருக்கிறதா, கோணத்தின் இன்னோர் அலகான ரேடியனில் இருக்கிறதா என்பது. விரிதாள் மென்பொருட்கள் ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். பாகையை அப்படியே கொடுத்தால் கொசைன் தாறுமாறாக வரும்.

தூரம் ஆயிரக்கணக்கில் போனால் தட்டைக் கணக்கு உதவாது. லண்டன் (51.51 வடக்கு, 0.13 மேற்கு), நியூயார்க் (40.71 வடக்கு, 74.01 மேற்கு) இரண்டுக்கும் மேலே சொன்ன முறையில் போட்டால் 5,821 கிலோமீட்டர் வருகிறது. உண்மையில் 5,570 தான். 250 கிலோமீட்டர் எங்கிருந்து கூடியது? உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி பெருவட்டப் பாதை. அது தட்டைப் படத்தின் நேர்கோட்டோடு பொருந்தாது.

உருண்டைக் கணக்கு இப்படி: இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். தனியாக, இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டுங்கள். லண்டன்−நியூயார்க்குக்கு முதல் பெருக்கம் 0.5105, இரண்டாவது 0.1310, கூட்டினால் 0.6415. எந்தக் கோணத்துக்கு இது கொசைன் என்று கணிப்பானில் தேடினால் 50.1 பாகை. அதை 111.19-ஆல் பெருக்குங்கள்: 5,570.

இதே முறையைப் பக்கத்து ஊர்களுக்குப் போடாதீர்கள். 50 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊர்களுக்கு அந்தக் கூட்டுத்தொகை 0.99997 என்று வரும். நான்கு தசம இடங்களோடு நிறுத்தினால் அது 1 ஆகிவிடும், தூரம் பூஜ்யம் ஆகிவிடும்.

பூமி முழு உருண்டையும் இல்லை. மையத்திலிருந்து பூமத்திய ரேகைக்கு 6,378 கிலோமீட்டர், துருவத்துக்கு 6,357. இதனால் வரும் பிழை அதிகபட்சம் அரை சதவீதம். பயணத் திட்டத்துக்கு இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கணக்குப் போட மனமில்லாதவர் உலக உருண்டையை எடுத்து இரண்டு ஊர்களிலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் போதும். டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே அந்த நூல் அலாஸ்கா பக்கமாக மேலேறி இறங்குவதைப் பார்த்தபின், விமானம் ஏன் இப்படிச் சுற்றிப் போகிறது என்று கேட்கத் தோன்றாது. சுவரில் தொங்கும் தட்டைப் படம்தான் அதைச் சுற்றுவழி போலக் காட்டுகிறது.

அலகையும் ஒரு பார்வை பாருங்கள். மைல் என்றால் 1.609 கிலோமீட்டர். விமானத்துறையில் சொல்லும் கடல் மைல் 1.852 கிலோமீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் ஒரு நாட்.

சாலைத் தூரம்

நேர்கோட்டுத் தூரத்தை 1.2 முதல் 1.4 வரை ஓர் எண்ணால் பெருக்கினால் சாலைத் தூரம் ஓரளவு வரும். மாட்ரிட்−பார்சிலோனாவுக்கு இது 620 ÷ 505, அதாவது 1.23. சமவெளியும் நெடுஞ்சாலையும் உள்ள பகுதிகளில் 1.2-ஐ ஒட்டி இருக்கும். மலை, ஏரி, ஆறு குறுக்கிட்டால் 1.4-ஐத் தாண்டும்.

தண்ணீர் குறுக்கிட்டால் இந்தப் பெருக்கலையே நம்பக்கூடாது. புவெனஸ் ஐரிசுக்கும் மான்டெவிடியோவுக்கும் நேர்கோட்டில் 205 கிலோமீட்டர்தான். ரியோ தெ லா பிளாத்தா முகத்துவாரத்தைச் சுற்றிக்கொண்டு காரில் போனால் 600 கிலோமீட்டரை ஒட்டிவிடும், ஏறக்குறைய மூன்று மடங்கு. கின்ஷாசாவும் பிராசவில்லும் காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் நேருக்கு நேர் நிற்கும் தலைநகரங்கள். ஆனால் நடுவில் பாலம் கிடையாது, படகில்தான் கடக்க வேண்டும். பெருவின் இகித்தோஸ் நகருக்கு வெளியிலிருந்து சாலையே இல்லை. படகு அல்லது விமானம். பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே டேரியன் காட்டில் 100 கிலோமீட்டர் அளவுக்குச் சாலை அறுந்து கிடக்கிறது. எனவே பெருக்கும் முன் வரைபடத்தைத் திறந்து, வழி முழுக்கத் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். வழித்தடச் செயலி சில நேரம் படகுப் பயணத்தையும் சேர்த்து ‘சாலை வழி’ என்று காட்டும். படகு எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதைத் தனியாகத் தேட வேண்டும்.

சாலை நேரம்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாலைத் தூரம் முழுவதையும் ஒரே வேகத்தால் வகுக்கக்கூடாது. துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் நேரம் கண்டுபிடித்து, நேரங்களைக் கூட்ட வேண்டும். வேகங்களின் சராசரியை எடுப்பது தவறு. 100 கிலோமீட்டரை மணிக்கு 100 வேகத்திலும், அடுத்த 100 கிலோமீட்டரை மணிக்கு 50 வேகத்திலும் ஓட்டினால் சராசரி 75 என்று தோன்றும். ஆனால் ஆன நேரம் ஒன்றும் இரண்டும் மூன்று மணி. 200 கிலோமீட்டருக்கு மூன்று மணி என்றால் சராசரி 67 தான். மெதுவான துண்டில் நாம் அதிக நேரம் செலவிடுகிறோம், அதனால் அதன் பாரம் கூடுதல்.

துண்டுகளுக்கு என்ன வேகம் வைப்பது? பலகையில் எழுதியிருக்கும் உச்சவரம்பை வைக்காதீர்கள். நடுவில் தடுப்புள்ள அதிவேகச் சாலையில் வரம்பைவிடப் பத்து, பதினைந்து குறைத்து வையுங்கள். ஊர்களை ஊடுருவிப் போகும் இருவழிச் சாலையில் 55 முதல் 65. கொண்டை ஊசி வளைவுள்ள மலைப்பாதையில் 30 முதல் 40. பெருநகரத்துக்குள் 20 முதல் 30, காலை மாலை நெரிசலில் அதற்கும் கீழே. மழை, மூடுபனி, இரவு என்றால் இவற்றிலும் குறைத்துக்கொள்ளுங்கள்.

மாட்ரிட்−பார்சிலோனாவையே எடுப்போம். நகரத்தை விட்டு வெளியேற 10 கிலோமீட்டர், மணிக்கு 30 வேகத்தில் 20 நிமிடம். நெடுஞ்சாலை 600 கிலோமீட்டர். வரம்பு 120, நாம் வைப்பது 110. 5 மணி 27 நிமிடம். பார்சிலோனாவுக்குள் நுழைய இன்னொரு 20 நிமிடம். மொத்தம் 6 மணி 7 நிமிடம். இது வண்டி ஓடும் நேரம் மட்டுமே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் நிறுத்தினால் முக்கால் மணி கூடும். ஆக, ஏழு மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஓய்வைக் கணக்கில் சேர்க்கத் தயங்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி, பேருந்து ஓட்டுநர்கள் நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்த வேண்டும் என்பதும், வழக்கமாக ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பதும் சட்டம். அதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு இந்த வரம்பு என்றால், எப்போதாவது நெடுந்தூரம் ஓட்டும் நமக்கு ஒன்பது மணி நேரம் மிக அதிகம். கணக்கு எட்டைத் தாண்டினால் நடுவில் ஓர் இரவு தங்குவதையும் சேர்த்தே திட்டமிடுங்கள், அல்லது மாற்றி ஓட்ட இன்னொருவர் வேண்டும்.

செயலி காட்டும் நேரம் நீங்கள் பார்க்கும் அந்த நொடியின் நெரிசலை வைத்து வருவது. இரவு 11 மணிக்குப் பார்த்துவிட்டு மறுநாள் காலை 8 மணிக்குக் கிளம்பினால் அந்த எண் பொருந்தாது. புறப்படும் நாளையும் மணியையும் குறிப்பிடும் வசதி செயலியில் இருக்கிறது; அதைப் பயன்படுத்துங்கள்.

வான்வழி நேரம்

விமானம் எவ்வளவு வேகம் என்றால் ‘ஒலியின் வேகத்தில் இத்தனை பங்கு’ என்றுதான் விமானிகள் சொல்வார்கள். 35,000 அடி உயரத்தில் குளிர் உறைநிலைக்கு 54 பாகை செல்சியஸ் கீழே. அங்கே ஒலி மணிக்கு ஏறக்குறைய 1,067 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஒற்றை நடைவழி கொண்ட ஏர்பஸ் ஏ320, போயிங் 737 வகை விமானங்கள் அதில் 0.78 பங்கு, அதாவது 830 கிலோமீட்டர். இரட்டை நடைவழி கொண்ட பெரிய விமானங்கள் 0.85 பங்கு, 900 கிலோமீட்டர்.

ஆனால் விமானம் தரையில் ஊர்ந்து போக வேண்டும், ஏற வேண்டும், இறங்க வேண்டும், வரிசையில் காத்திருக்க வேண்டும். 10,000 அடிக்குக் கீழே பல நாடுகளில் 250 நாட் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. கையால் போட ஒரு வழி: விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை 800-ஆல் வகுத்து, 40 நிமிடம் கூட்டுங்கள். 483 ÷ 800 என்றால் 36 நிமிடம். அதோடு 40 சேர்த்தால் 1 மணி 16 நிமிடம். அந்த வழித்தடத்தின் கால அட்டவணையிலும் ஏறக்குறைய இதுவேதான் இருக்கும்.

அட்டவணையில் எழுதியிருப்பது நிறுத்துமிடத்தை விட்டு விமானம் நகர்ந்த நொடியிலிருந்து மறுமுனையில் நிறுத்துமிடத்தில் நின்ற நொடி வரை உள்ள நேரம். வானத்தில் பறந்தது அதில் ஒரு பகுதிதான். தாமதத்துக்கு இடம்விட்டுச் சில நிமிடங்களைக் கூடுதலாகவும் சேர்த்திருப்பார்கள். ‘இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்’ என்று அறிவிப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருக்காது. நடு அட்சரேகைகளில் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று வீசுகிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம் ஆகும் இடத்தில், திரும்பி வர ஏழு மணி நேரத்தில் முடிந்துவிடும். 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து ஒரு 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்து சேர்ந்தது. எனவே கிழக்கு மேற்காக நெடுந்தூரம் போகும்போது இரண்டு திசைக்கும் தனித்தனியே நேரம் பாருங்கள். வடக்குத் தெற்குப் பயணத்தில் இந்த வேறுபாடு குறைவு.

பெருவட்டப் பாதை எப்போதும் திறந்திருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், ஒன்பது மணி நேரத்தை ஒட்டி இருந்த ஹெல்சிங்கி−டோக்கியோ பயணம் 13 மணி நேரத்தை ஒட்டிப் போனது. தூரக் கணக்குத் தளங்கள் இன்னும் பழைய பெருவட்டத் தூரத்தையே காட்டும், அது தப்பில்லை. ஆனால் நேரத்தை அதிலிருந்து எடுக்காமல் இன்றைய அட்டவணையிலிருந்து எடுங்கள்.

டிக்கெட்டில் கடிகாரம்

டிக்கெட்டில் புறப்பாடு, வருகை இரண்டும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். லண்டனில் 11 மணிக்குக் கிளம்பி நியூயார்க்கில் 14 மணிக்கு இறங்கினால் மூன்று மணி நேரப் பயணம் என்று ஆகாது. இரண்டு ஊருக்கும் ஐந்து மணி நேரம் வித்தியாசம், ஆக எட்டு மணி. தவறாமல் இருக்க, இரண்டு நேரத்தையும் உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்றிவிட்டுக் கழியுங்கள்.

அந்த ஐந்து மணியும் ஆண்டு முழுக்க ஐந்து இல்லை. அமெரிக்காவில் கோடைக்கால நேரம் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்குகிறது. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு. நடுவிலுள்ள இரண்டு மூன்று வாரங்களுக்கு வித்தியாசம் நான்கு மணிதான். அக்டோபர் கடைசியில் மறுபடி ஒரு வாரம் இப்படி. வருகை நேரத்துக்குப் பக்கத்தில் ‘+1’ என்று இருந்தால் மறுநாள் என்று பொருள். தங்குமிடத்தை ஒரு நாள் முன்னதாகப் பதிவு செய்து பணம் இழப்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சின்னக் குறியைப் பார்க்காதவர்கள்.

இதன் உச்சம் பசிபிக்கில் இருக்கிறது. சமோவாவின் ஆப்பியாவும் அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவும் 130 கிலோமீட்டர்கூட தள்ளி இல்லை. 2011 டிசம்பர் 30-ஐ நாட்காட்டியிலிருந்து நீக்கிவிட்டுச் சமோவா சர்வதேச நாள் கோட்டின் (தேதி மாறும் எல்லையின்) மறுபக்கம் போய்விட்டதால், இன்று இரண்டுக்கும் 24 மணி நேர வித்தியாசம். திங்கள் நண்பகலில் ஆப்பியாவில் ஏறினால், ஞாயிறு மதியம் ஒரு மணிக்குள் பாகோ பாகோவில் இறங்குவீர்கள்.

வாசலிலிருந்து வாசல்வரை

காரா விமானமா என்று முடிவெடுக்க உதவும் ஒரே எண் இது. விமானத்துக்கு: வீட்டிலிருந்து விமான நிலையம் 40 நிமிடம், உள்நாட்டுப் பயணத்துக்கு முன்கூட்டிப் போய் நிற்பது 90, ஏற்ற இறக்கத்துக்கான அந்த 40, இறங்கி வெளியே வர 15, நகரத்துக்குள் போக 40. கூட்டினால் 225 நிமிடம், 3 மணி 45 நிமிடம். தூரம் எவ்வளவாக இருந்தாலும் இது மாறாது. மாட்ரிட்−பார்சிலோனாவுக்கு இதோடு 36 நிமிடம் சேர்த்து 4 மணி 21 நிமிடம்; பெட்டி ஏற்றினால் இன்னும் 20 நிமிடம். காரில் ஏழு மணி.

இந்த நிலையான மூன்றே முக்கால் மணி நேரத்தைச் சாலையில் எத்தனை கிலோமீட்டருக்குச் சமம் என்று பார்த்தால் எல்லைக்கோடு கிடைத்துவிடும். ஓய்வு உட்பட மணிக்கு 90 கிலோமீட்டர் ஓட முடிகிற நல்ல சாலை இருந்தால், நேர்கோட்டில் 300 கிலோமீட்டருக்குள் காரே முந்தும். சாலைத் தூரமாகச் சொன்னால் 370. சாலை மோசமாகி வேகம் 50-க்கு இறங்கினால் அந்த எல்லை 160-க்கு வந்துவிடும். வெளிநாட்டுப் பயணம் என்றால் முன்கூட்டிப் போக இரண்டரை மணி, குடியேற்றம், பெட்டி எல்லாம் சேர்ந்து நிலையான பகுதியே ஐந்தரை மணி ஆகும். காருக்கும் எல்லைச் சாவடியில் நிற்கும் நேரத்தைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

விமான நிலையத்தின் பெயரில் இருக்கும் ஊரை நம்பி அந்த 40 நிமிடத்தை எழுதிவிடாதீர்கள். பிராங்ஃபர்ட்−ஹான் நிலையம் பிராங்ஃபர்ட்டிலிருந்து சாலையில் 120 கிலோமீட்டர். பாரிசின் பெயரைச் சேர்த்து விற்கப்படும் போவே நிலையம் பாரிசிலிருந்து 85 கிலோமீட்டர். டோக்கியோவுக்கு ஹனேடா 15 கிலோமீட்டர், நரிட்டா 60. டிக்கெட் மலிவாக இருந்தால் முதலில் நிலையத்தின் பெயரைப் படியுங்கள். அங்கிருந்து நகரத்துக்கு நள்ளிரவில் பேருந்து உண்டா என்று பாருங்கள்.

நடுவில் மாறிச் செல்லும் விமானம் என்றால் காத்திருக்கும் நேரத்தோடு இரண்டாவது முறை ஏறி இறங்கும் 40 நிமிடமும் கூடும். ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிடும்போது மாற்று விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு பொதுவாக நிறுவனத்துடையது. தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகள் என்றால் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைப்பதும் உங்கள் வேலை, தவறவிட்டால் நஷ்டமும் உங்களுடையது. அப்படி வாங்கும்போது நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள்.